பொக்கைப் பல்லும் எங்கள் என்ஜின் கணினியும்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஒரு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் பீய்ச்சுவதையும் தீப்பொறி கொடுப்பதையும் எங்கள் நிரலே தீர்மானிக்கும்படி செய்வது என்று நாங்கள் நால்வர் முடிவெடுத்தபோது, கைக்காசு பெரும்பாலும் மைக்ரோகன்ட்ரோலருக்குத்தான் போகும் என்று எண்ணியிருந்தோம். நடந்தது நேர்மாறு. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, ரெசிஸ்டர் போன்ற சில்லறைப் பொருள்களை விட்டால் செலவுப் பட்டியலில் மூளைதான் அடிமட்டத்தில் இருந்தது. இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், காற்றழுத்த சென்சார், தண்ணீர் புகாத கனெக்டர்கள் ஆகியவையே பணத்தைத் தின்றன. நேரத்தைத் தின்றதோ, நாங்கள் செலவில்லாமல் லேத்தில் கடைந்து எடுத்துக்கொண்ட ஒரு பல் சக்கரம்.

இந்த முயற்சியில் புதுமை ஒன்றும் இல்லை. மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் 1967-லேயே ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்துவிட்டது. புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2001 வாக்கில் வெளியிட்ட மெகாஸ்குவர்ட் என்ற என்ஜின் கணினி, இதை வீட்டு மேசையில் சால்டர் வைத்துச் செய்யக்கூடிய ஒன்றாக ஆக்கியது. பின்னர் வந்த ஸ்பீடுயினோ, மாணவர்கள் எல்லோர் கையிலும் புழங்கும் ஆர்டுயினோ மெகா 2560 போர்டிலேயே ஓடுகிறது. அதை அப்படியே எடுத்துப் பூட்டியிருந்தால் ஒரே மாதத்தில் என்ஜின் ஓடியிருக்கும். "பார்த்துப் படியுங்கள், ஆனால் நிரலை நீங்களே எழுதுங்கள்" என்று எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் நிபந்தனை போட்டுவிட்டார். அன்று அவர்மேல் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போர்டு மட்டும் அதே மெகா 2560. அதன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்ய அதற்குக் கிடைக்கும் நினைவகம் 8 கிலோபைட். இது போதுமா என்று எல்லோரும் கேட்டார்கள். என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி ஆகிறது, அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஏறத்தாழ 28 மைக்ரோ விநாடி. மனிதனுக்கு இது கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் இந்தச் சிப்புக்கு 440-க்கும் மேற்பட்ட கட்டளைத் துடிப்புகள். ஆகவே போதும், அவற்றை வீணடிக்காதவரை. நாங்கள் வீணடித்தோம். கிராங்க்கோடு சுழலும் பல் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது, மற்ற வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓடுகிற இன்டரப்ட் பகுதிக்குள்ளேயே வகுத்தல் கணக்கைப் போட்டு வைத்திருந்தோம். 32 பிட் எண்ணை வகுக்கத் தனி வன்பொருள் இல்லாத இந்தச் சிப்புக்கு அந்த ஒரு வகுத்தலுக்கே சுமார் 40 மைக்ரோ விநாடி பிடிக்கும். தீப்பொறி ஒரு டிகிரிக்கு மேல் அங்குமிங்கும் அலைபாய்ந்ததற்கு அதுவே காரணம் என்று தெரிந்ததும், வகுத்தல்களை எல்லாம் வெளியே முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டு, இன்டரப்டுக்குள் கூட்டலையும் ஒப்பிடுதலையும் மட்டும் விட்டோம்.

பெட்ரோல் கணக்கு இதைவிட எளிது, பார்க்கப்போனால் பள்ளிக்கூட இயற்பியல்தான். 200 சிசி சிலிண்டர் முழுதாகக் காற்றை இழுத்தால் அந்தக் காற்றின் எடை சுமார் 0.24 கிராம் வரும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதப்படி அதற்கு 16 மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டர் பீய்ச்சும் எங்கள் இன்ஜெக்டர் அதைக் கொடுக்க 11 மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும். உண்மையில் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பது அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சுழல் வேகத்தையும் பொறுத்து மாறுவதால், அதற்கென 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வைத்தோம். இதில் நாங்கள் முதலில் கவனிக்காமல் விட்டது இன்ஜெக்டரின் சோம்பல். மின்சாரம் கொடுத்த உடனே அது திறந்துவிடாது, பேட்டரி 14 வோல்ட்டில் இருக்கும்போதே சுமார் ஒரு மில்லி விநாடி தாமதிக்கும். முழு வேகத்தில் இது பொருட்டில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில் மொத்தத் தேவையே இரண்டு மில்லி விநாடியை ஒட்டி இருக்கும்போது, அந்த ஒரு மில்லி விநாடியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ஜினுக்குப் பாதி வயிற்றுக்குத்தான் பெட்ரோல் கிடைக்கும்.

இனி அந்தப் பல் சக்கரத்துக்கு வருகிறேன். கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணினிக்குத் தெரிய, 36 பற்களுக்கு இடம் ஒதுக்கி அதில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துவிட்ட சக்கரத்தைக் கிராங்க்கோடு பூட்டி, எதிரே காந்தப்புல மாற்றத்தை உணரும் ஹால் சென்சாரை வைப்பது வழக்கம். பல் இல்லாத இடம் வரும்போது இடைவெளி இரட்டிப்பாகத் தெரியும், அங்கிருந்து எண்ணத் தொடங்கலாம். எங்களுக்குள் அந்த இடத்தின் பெயர் 'பொக்கை'. முந்தைய இடைவெளியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்டால் அது பொக்கை என்று நிரலில் எழுதினோம். ஒருமுறை கண்டுபிடித்த பிறகு மறுபடி தேடத் தேவையில்லை, 35 பற்களை எண்ணிக்கொண்டே போனால் போதும் என்றும் முடிவு செய்தோம். மைக்ரோ விநாடிகளை மிச்சம் பிடிக்கிறோம் என்ற பெருமை வேறு.

என்ஜினில் பூட்டும் முன், இன்னொரு சிறிய ஆர்டுயினோவைக் கொண்டு அதே பற்களின் சிக்னலைப் போலியாக உருவாக்கி, இன்ஜெக்டருக்குப் பதில் எல்இடி விளக்கை மாட்டி மேசையில் வைத்தே மூன்று வாரம் ஓட்டினோம். 200 சுற்றிலிருந்து 9000 சுற்று வரை எந்த வேகத்திலும் ஒரு பிழைகூட இல்லை. ஆசிலாஸ்கோப் திரையில் தீப்பொறித் துடிப்பு கோடு போட்டதுபோல் அதே இடத்தில் நின்றது.

பிறகு என்ஜினில் பூட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினோம். இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவதில் மடேரென்று ஒரு சத்தம், கிராங்க் எதிர்த்திசையில் உதைத்தது, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் கரகரத்து நின்றது. பெட்ரோல் வாசனையும் கருகிய வாசனையும் சேர்ந்து வர, யாரும் சற்று நேரம் பேசவில்லை. மறுபடி அழுத்தினால் ஒழுங்காகச் சுற்றியது, ஐந்தாவது முறை மீண்டும் உதை. எப்போதும் நடக்கும் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம், எப்போதாவது நடப்பதுதான் ஆளைக் கொல்லும். வயரிங்கைச் சந்தேகித்தோம், எர்த் இணைப்பைச் சந்தேகித்தோம், சென்சாரை இரண்டு முறை மாற்றினோம். அதில் ஒன்று எங்கள் பதற்றத்துக்குப் பலியானது.

கடைசியில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் இடையிலான நேரத்தை லேப்டாப்பில் பதிவு செய்து பார்த்தோம். மில்லி விநாடியில் 7, 8, 9 என்று போய்க்கொண்டிருந்த எண்கள் திடீரென்று 14, அடுத்து 12, அடுத்து 15 என்றன. அந்த ஆறு எண்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறும்போது கிராங்க் திணறி மெதுவாகிறது, அந்தத் திணறல்தான் 14. அது 9-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால் நிரல் அதையே பொக்கை என்று நம்பியிருக்கிறது. உச்சியைத் தாண்டியதும் அமுங்கிய காற்றே பிஸ்டனைக் கீழே தள்ளுவதால் கிராங்க் வேகம் பிடிக்கிறது. ஆகவே அங்கே வந்த உண்மையான பொக்கை 15-ஆகச் சுருங்கி, 12-க்குப் பக்கத்தில் சாதாரணப் பல்லைப் போல நழுவிப் போயிருக்கிறது. வேஷம் போட்டவன் உள்ளே, வீட்டுக்காரன் வெளியே! ஒரு பல்லுக்கு 10 டிகிரி, பொக்கைக்கு 20 டிகிரி என்று கூட்டினால், கணினி தன் கணக்கில் 30 டிகிரி முன்னால் போய்விட்டது. உச்சிக்கு 10 டிகிரி முன்பு வர வேண்டிய தீப்பொறி 40 டிகிரி முன்பு வந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை அது திருப்பி உதைக்காமல் என்ன செய்யும்? ஒருமுறை நம்பியதை மறுபடி சரிபார்க்காத எங்கள் சிக்கனம், அந்தத் தவற்றை அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் சுமந்து சென்றது.

மேசையில் இது தெரியாமல் போனதற்குக் காரணமும் அந்தப் பதிவிலேயே இருந்தது. நாங்கள் உருவாக்கிய போலி சிக்னலில் பற்கள் சீராக வந்தன. கம்ப்ரெஷனில் திணறுகிற என்ஜின் அந்த மேசையில் எங்கேயும் இல்லை.

திருத்தத்துக்கு இரண்டு நாள்தான் ஆனது. சக்கரத்தைக் கழற்றி, பொக்கை உச்சிக்கு வெகுமுன்பே வரும்படி துளைகளை மாற்றிப் போட்டோம். முதல் முறை, கையில் கிடைத்த போல்ட் துளைக்கு ஏற்ப அது எங்கே வந்து விழுந்ததோ அங்கேயே விட்டிருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நிரலில், ஓர் இடைவெளியை முந்தையதோடு மட்டுமல்லாமல் அடுத்ததோடும் ஒப்பிட்டோம். பொக்கைக்கு அடுத்த இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பும், திணறல் அப்படி உடனே திரும்பாது. இரண்டு பொக்கைகளுக்கு நடுவே எண்ணிக்கை சரியாக 35 வராவிட்டால் இன்ஜெக்டரும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலும் இயங்கவே கூடாது என்று எழுதினோம், ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சரிபார்க்கவும் செய்தோம். இதனால் ஸ்டார்ட் ஆக இரண்டு சுற்று கூடுதலாகிறது. அதைப் பற்றி எங்களில் யாரும் குறை சொல்லவில்லை.

மின்சாரப் பக்கம் நேர்ந்த தொல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டரை அழுத்தும் கணத்தில் பேட்டரி வோல்டேஜ் சட்டென்று சரிவதால், விலை மலிவான 7805 ரெகுலேட்டரால் 5 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. வாகனங்களுக்கென்றே வரும் எல்எம் 2940-ஐப் போட்டு, மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் அதிவோல்டேஜைத் தடுக்கும் ஒரு டயோடையும் சேர்த்த பிறகு அது நின்றது. இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்க நினைத்தது, குடை வாங்கிவிட்டுக் கம்பியில் காசு குறைத்த கதை.

என்ஜின் முதன்முதலாகத் தானாக ஓடியபோது ஐடில் 1500-க்கும் 1900-க்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தீப்பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். சுற்று ஏறி இறங்கினாலும் ஃப்ளைவீலில் நாங்கள் சாக்பீஸால் போட்ட வெள்ளைக் கோடு 10 டிகிரி குறியிலேயே நின்றது. அட்டவணையில் ஐடிலைச் சுற்றியுள்ள கட்டங்களைச் சரிசெய்ய மேலும் ஒரு வாரம் பிடித்தது. குளிர்ந்த என்ஜினுக்கு எவ்வளவு கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டும் என்ற அட்டவணை மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. போர்டையும் சக்கரத்தையும் அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தபோது, அந்த 7, 8, 9, 14, 12, 15 இருக்கும் பதிவுக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். மேசை மேல் இருக்கும் சிறிய ஆர்டுயினோ இப்போது சீரான பற்களை அனுப்புவதில்லை, அந்தக் கோப்பைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது.