பட்டறையில் சொன்ன கதை

குன்னூரில் மூன்று நாளாக விடாத மழை. பிரேக் லைனிங் மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கையில் எஸ்.ஏ. காஸ்பியின் 'பிளாக்டாப் வேஸ்ட்லேண்ட்'. 2020இல் வந்த அமெரிக்கக் குற்ற நாவல்.

என்னிடமிருந்து வாங்கிப் படித்த இருவருக்குமே அது பிடிக்கவில்லை. ரத்தம் அதிகம் என்று தங்கை பாதியில் மூடிவிட்டாள். 'கடைசியாக ஒரே ஒரு திருட்டு' என்பது பழைய சங்கதி என்றார் வங்கி நண்பர். முப்பது வருடமாக ஒரே கடையில் வர்க்கி வாங்குகிறவர், பழையதைப் பற்றிப் பேசுகிறார்.

"என்ன கதை சார்?" என்றார் மெக்கானிக், வண்டிக்கடியில் இருந்தபடியே. சொன்னேன். போரகார்ட், வர்ஜீனியாவில் பட்டறை வைத்திருக்கும் கறுப்பினத்தவன். முன்பு கொள்ளைக்காரர்கள் தப்பிக்க வண்டி ஓட்டியவன். ஊரில் புதிதாக ஒரு பட்டறை வந்து வாடிக்கையை இழுத்துக்கொள்கிறது. தலைக்கு மேல் கடன். முதியோர் இல்லத்திலோ அம்மாவுக்குக் கட்ட வேண்டிய பாக்கி. நகைக்கடைக் கொள்ளைக்கு வண்டி ஓட்டச் சம்மதிக்கிறான்.

எத்தனை கொலை என்று அவர் கேட்கவில்லை. "புதுப் பட்டறைக்காரன் கூலியை எவ்வளவு குறைத்தான்?" என்றுதான் கேட்டார்.

அப்பா விட்டுப்போன பிளிமத் டஸ்டர் காரை அவன் விற்க மறுக்கிறான் என்றதும் வெளியே வந்து, மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஜீப்பைக் காட்டினார். அதுவும் அவருடைய அப்பாவுடையதாம். "விற்றிருந்தால் திருடப் போயிருக்க வேண்டாம். ஆனால் விற்க மாட்டான் சார்." இருநூறு பக்கம் படித்தும் எனக்கு அது இவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை.

அவன் ஓட்டும் வேகத்தை மட்டும் அவர் மெச்சவில்லை. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் காட்டட்டும், பிறகு பேசலாம் என்றார்.

பேச்சுவாக்கில், 1939இல் ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய 'தி பிக் ஸ்லீப்' பற்றியும் சொன்னேன். அதில் ஒரு வீட்டு டிரைவர் செத்துப்போவான். அவனைக் கொன்றது யார் என்று நாவலைப் படமாக்கியவர்கள் கேட்டபோது, தனக்கே தெரியாது என்றாராம் சாண்ட்லர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"டிரைவர்தானே சார், யார் கணக்கு வைக்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கடியில் போய்விட்டார்.

மீதிக் கதையை அடுத்த ஆயில் மாற்ற வரும்போது சொல்ல வேண்டுமாம். அதற்கு இன்னும் 3,000 கிலோமீட்டர் இருக்கிறது.