தெப்பம் பார்க்கப் போகிறவர்களுக்கு: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியைக் கும்பிட்டு, மகாலைப் பார்த்துவிட்டு, பொழுது மிஞ்சினால் மாரியம்மன் தெப்பக்குளத்தை எட்டிப் பார்க்கிறார்கள். குளத்தில் தொடங்கிக் கோயிலில் முடிப்பதுதான் சரியான வரிசை. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் 1645-ல் குளமாக்கினார் என்பார்கள். அப்படி மண் தோண்டும்போது கிடைத்தவர்தான் முக்குறுணி விநாயகர். மீனாட்சி கோயிலில் அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் பெரிய உருவமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். விநாயகர் சதுர்த்திக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில், ஒரே கொழுக்கட்டை படைக்கிறார்கள். பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தால் கும்பிடும் மனசே வேறாக இருக்கும்.

குளம் கிட்டத்தட்ட 1,000 அடி நீளம், 950 அடி அகலம். ஒரு சுற்று நடந்தால் 1.2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் மைய மண்டபம், அதற்குள் விநாயகர். தண்ணீர் இருக்கும் நாளில் மண்டபத்துக்குப் படகில்தான் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கல்லில் கால் வைக்க முடியாது.

இந்தத் தண்ணீர் வந்த கதையைத் தெரிந்துகொண்டு கும்பிடுவது நல்லது. வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தானாகப் பாய்ந்து நிரம்பும்படி அமைத்த குளம் இது. ஆற்றில் மணல் போகப் போகத் தரை தாழ்ந்தது. கால்வாயின் வாய் மேலே நின்றுவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் குளத்துக்கு ஏறாது. அதனால் பல வருஷம் குளம் காய்ந்து கிடந்தது, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். சுவாமிக்கு நிலைத்தெப்பம்தான். வடம் இழுக்க வழியில்லாமல், நிறுத்தி வைத்த தெப்பத்திலேயே தீபாராதனை முடிந்துவிடும். ஆற்றில் தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, பனையூர்க் கால்வாயைச் சீர்செய்த பிறகுதான் தண்ணீர் மறுபடி குளத்தைத் தொட்டது. இந்தக் குளத்தில் ஓர் அடி நீர் ஏற ஏறத்தாழ ஒன்பது லட்சம் கன அடி வேண்டும். விநாடிக்குப் பத்துக் கன அடி வந்தாலும் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். வழியில் யாராவது குப்பையைக் கொட்டி மதகை அடைத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். தண்ணீரைப் பார்த்து ஒருதரம் கைகூப்பிவிட்டு வடகரைக்கு நடங்கள்.

வடகரையில் மாரியம்மன் கோயில். இங்கே தீர்த்தம்தான் பெரிய பிரசாதம். வீட்டில் அம்மை கண்டிருந்தால் சிறு பாத்திரம் கொண்டுபோய்க் கேட்டு வாங்கி வருவார்கள். பங்குனியில் பூச்சொரிதல், பால்குடம், தீச்சட்டி என்று தெரு கொள்ளாது. நேர்த்திக்கு மாவிளக்கு போடுவதாக இருந்தால் மாவை வீட்டிலேயே இடித்துக் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கும் காய்ந்த மாவு பிடிபடாது. தண்ணீர் தெளித்துப் பிசைவார்கள், கொஞ்ச நேரத்தில் சுவர் வெடித்து நெய் ஒழுகித் தட்டெல்லாம் பரவும், திரி அணைந்துவிடும். மனசு கிடந்து தவிக்கும். அரைக் கிலோ பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் இருபது நிமிஷம் பரப்புங்கள். கையில் ஒட்டாமல், ஆனால் ஈரம் தெரியும் பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். 350 கிராம் வெல்லத்தைத் தூளாக்கி, நாலு ஏலக்காய் தட்டிப்போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் அழுத்திப் பிசையுங்கள். வெல்லத்தின் ஈரமே போதும். உருண்டையைப் பிடித்து விரலை எடுத்தால் விரல் ரேகை மாவில் பதிந்து நிற்க வேண்டும், அதுதான் பதம். குழியைப் பாதி ஆழத்துக்கு மேல் தோண்டாதீர்கள். குழிக்குள் முதலில் நெய்யைத் தடவிவிட்டுத் திரியை வைத்தால் மாவு நெய்யை அதிகம் குடிக்காது.

ஒரு வேண்டுகோள். உப்பு, பூமாலை, கற்பூரக் காகிதம் எதையும் குளத்தில் போடாதீர்கள். வெளியேற வழியில்லாமல் நிற்கிற தண்ணீர், போட்டது போட்டபடி கிடந்து அழுகும். உப்பைக் கோயிலுக்குள் அதற்கான இடத்தில் கொட்டினாலே காணிக்கை சேர்ந்துவிடும்.

தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. பூசம் திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரம் என்று சொல்வார்கள். முந்தைய நாள்களில் தெப்பம் முட்டுத்தள்ளுதல் என்ற சடங்கும், சிந்தாமணியில் கதிரறுப்பும் நடக்கும். புது நெல்லை அறுக்க மீனாட்சியும் சொக்கரும் வயலுக்கே வருகிற அந்த நாளையும் விட்டுவிடாதீர்கள், கூட்டமும் குறைவு. தைப்பூசத்தன்று சுவாமியும் அம்மனும் விடியலிலேயே புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை மீனாட்சி கோயில் நடை சாத்தியிருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தை மட்டும் பார்க்க விடுவார்கள். இது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து கோபுர வாசலில் நின்று ஏமாந்துபோகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அன்றைக்கு நேராகத் தெப்பக்குளம் வந்துவிடுங்கள்.

காலி டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே மரச்சட்டமும் மூங்கிலும் நிறுத்தித் துணியும் பூவும் போர்த்தினால் தெப்பம். பாரம் ஒரு பக்கம் சேர்ந்தால் சாயும் என்பதால் அதிகம் பேரை ஏற்ற மாட்டார்கள். காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒரு சுற்று. கரையிலிருந்து பக்தர்கள் வடம் பிடிக்கிறார்கள். கரையில் நின்று இழுப்பதால் தெப்பம் எப்போதும் கரையையே நாடும். நேர்க் கரையில் சிரமமில்லை. மூலைகளில்தான் பாடு. வடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். மூலை திரும்பும்போது தளர்ந்து கிடந்த வடம் சட்டென்று விறைத்துக் குளத்துப் பக்கம் சறுக்கும், காலை வாரிவிடும். நனைந்த வடம் வழுக்கும், கையை நெரிக்கும். மோதிரத்தைக் கழற்றி முடிந்துகொள்வது நல்லது. குழந்தைகளைச் சுவரில் உட்கார வைக்காதீர்கள்.

நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். காலைச் சுற்றுக்குக் கிழக்குக் கரை நல்லது, வெயில் முதுகில் விழும், அம்மன் முகத்தில் வெளிச்சம் இருக்கும். மாலைக்கு மேற்குக் கரை. பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் பொழுது சாயும் நேரத்தில் நிலா கிழக்கே எழும்பும். மைய மண்டபம் முன்னால், நிலா அதன் பின்னால், இரண்டுக்கும் கீழே தெப்பத்தின் விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக அசையும். ஐந்து மணிக்குள் இடம் பிடிக்காவிட்டால் தோள்களுக்கு நடுவில்தான் தரிசனம்.

பக்கத்திலேயே முக்தீஸ்வரர் கோயில், ஐராவதம் வழிபட்ட தலம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள் காலை வெயில் நேரே லிங்கத்தின் மேல் விழும். அதற்குத் தனியாக ஒருமுறை வர வேண்டும்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் கலையும். பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கரையில் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு, காமராசர் சாலையில் நகரத்தைப் பார்க்கக் கொஞ்ச தூரம் நடந்து ஓரமாக நில்லுங்கள். அந்த வழியாகத்தான் சுவாமியும் அம்மனும் கோயிலுக்குத் திரும்புவார்கள். காலையில் கரையில் எட்டி எட்டிப் பார்த்த முகத்தை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.