பழைய ஆஸ்திரேலிய டிவி நிரலை எக்செல்லில் அடுக்கும் வேலை: இதுவரை

எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த சேனலில், எத்தனை மணிக்கு எந்த ஆட்டம் ஓடியது என்று பழைய செய்தித்தாள்களைப் பார்த்து அட்டவணை போடுவதுதான் கொஞ்ச காலமாக என் வார இறுதி வேலை. அதுவும் நான் ஆஸ்திரேலியாவில் கால் வைப்பதற்கு வெகு முன்பு ஓடிய நிகழ்ச்சிகள். "உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கூட வேலை பார்க்கும் மெல்பர்ன்காரர்கள் சாப்பாட்டு வேளையில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்த ஆசை இது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சேனல் 7-இல் 'வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்' என்று ஒன்று 1959 முதல் 1987 வரை ஓடியதாம், அதில் கோடாலியால் மரம் வெட்டும் போட்டிகூட உண்டாம். முதலில் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மைதான்.

அந்தக் கால ஒளிபரப்பில் பெரும்பகுதி இன்று இல்லை. நேரலையாகப் போனதைப் பதிவே செய்யவில்லை, பதிவு செய்ததையும் நாடா விலை அதிகம் என்று அழித்து அதன் மேலேயே வேறொன்றைப் பதிந்தார்கள். 1956 செப்டம்பர் 16 அன்று சிட்னியில் சேனல் 9 தொடங்கியபோது அறிவிப்பாளர் புரூஸ் கிங்கல் வரவேற்புச் சொல்லும் காட்சியை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதுவே பின்னால் மறுபடி நடித்து எடுத்ததுதான். ஆக, பல நாட்களுக்கு மிஞ்சியிருப்பது செய்தித்தாளில் அச்சான நிரல் மட்டுமே.

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம்தான் எனக்கு மூலதனம். பார்க்கக் காசு கிடையாது. கான்பெரா டைம்ஸ் 1995 வரை இருக்கிறது. மெல்பர்னின் ஆர்கஸ், அது மூடப்படும் வரை இருக்கிறது. ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படம், இன்னொரு பக்கம் மென்பொருள் அதிலிருந்து படித்த எழுத்து. தவறாகப் படித்த வரியை நாமே திருத்தலாம். டிவி நிரல் பக்கம்தான் அந்த மென்பொருளுக்குப் பெரிய சோதனை. பொடி எழுத்து, ஒல்லிப் பத்திகள். ஒரு சேனலின் ஏழு மணிச் செய்தியைப் பக்கத்து சேனலின் சினிமாவோடு ஒட்டிவிடும். அதனால் தேடல் பெட்டியை நம்புவதில்லை. தேதியைத் தேர்ந்தெடுத்து நேரே பக்கத்துக்குப் போய், படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் படித்துத் தட்டச்சு செய்கிறேன். மெதுவான வேலை, ஆனால் இதுதான் சரிப்படுகிறது.

முதலில் கால் மணிக்கு ஒரு வரிசை, சேனலுக்கு ஒரு பத்தி என்று எக்செல்லில் போட்டேன். நாடகத்துக்கும் செய்திக்கும் அது போதும். விளையாட்டு வந்ததும் போதவில்லை. 'கிரிக்கெட்' என்ற ஒரே சொல் பகல் முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். அப்புறம் தொடக்கம், முடிவு, நேரலையா, தாமதமா, தொகுப்பா என்று தனித்தனிப் பத்தி சேர்த்தேன். அந்தத் 'தாமதம்' பத்திதான் இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

காரணம், உள்ளூர் ஆட்டத்தை உள்ளூரிலேயே காட்டாமல் மறைக்கும் வழக்கம். டிவியில் காட்டினால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம். விஎஃப்எல் என்ற விக்டோரியா மாநில ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனல் மெல்பர்னில் நடக்கும், மெல்பர்ன் வீடுகளில் அது நேரலையாக வராது. முதல் தடவையாக வந்தது 1977 செப்டம்பர் 24 அன்று. வந்த முதல் வருடமே என்ன ஆயிற்று தெரியுமா? நார்த் மெல்பர்ன் 76, காலிங்வுட் 76, டிரா! ஒரு வாரம் கழித்து அக்டோபர் 1 அன்று முழு ஆட்டத்தையும் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. நார்த் மெல்பர்ன் 27 புள்ளிகளில் வென்றது. அதற்கு முந்தைய வாரம் வரை யாரும் திட்டமிடாத ஒரு சனிக்கிழமை என் அட்டவணையில் இப்போது மஞ்சள் நிறத்தில் இருக்கிறது.

டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இதே கதை, இன்னும் நீண்ட காலத்துக்கு. மெல்பர்னில் டெஸ்ட் என்றால் தேநீர் இடைவேளை வரை மெல்பர்ன் டிவியில் வேறு ஏதாவது ஓடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான், மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருப்பவனுக்குக் கடைசிப் பகுதிதான். நிரல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் இந்த அநியாயம் பளிச்சென்று தெரிகிறது.

1956 பகுதியை ஓரளவு முடித்துவிட்டேன். மெல்பர்னில் சேனல் 7-இன் நிலையமான எச்எஸ்வி-7 நவம்பர் 4-இல் தொடங்கியது, அரசு ஒளிபரப்பான ஏபிசி 19-இல். மெல்பர்ன் ஒலிம்பிக் தொடங்கியது 22-இல். அந்த ஊரில் டிவிக்கு வயது மூன்று வாரம்கூட ஆகவில்லை! சேனல் 9-இன் மெல்பர்ன் நிலையமான ஜிடிவி-9 சோதனை ஒளிபரப்பிலேயே போட்டிகளைக் காட்டியது. அதன் முறையான தொடக்கம் 1957 ஜனவரி 19. ஆர்கஸின் கடைசி இதழும் அதே ஜனவரி 19. சேனல் 9 பத்தி நிரம்ப ஆரம்பிக்கும் நாளில் என் செய்தித்தாள் செத்துப்போகிறது.

சேனல் 9 முதலாளி கெர்ரி பேக்கர் தானே தனியாகக் கிரிக்கெட் தொடர் நடத்திய காலம் வந்ததும் மாலை வேளையே மாறிவிடுகிறது. 1978 நவம்பர் 28 அன்று சிட்னி மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் பகல்-இரவு ஆட்டம் நடந்த பிறகு, குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்திலும் கிரிக்கெட்தான். சிட்னியில் இரவு பத்து மணி என்றால் கோடையில் பெர்த்தில் ஏழு மணி. அதனால் நேர மண்டலத்துக்கும் ஒரு பத்தி தேவைப்பட்டது. அடிலெய்டின் அரை மணி வித்தியாசத்தால் என் சூத்திரங்கள் எல்லாம் நீண்டுகொண்டே போகின்றன. ஆடுகளத்தின் இரண்டு முனையிலும் கேமரா வைத்ததும் பேக்கரின் சேனல் 9-தான். அதற்கு முன் ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் பேட்ஸ்மேனின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் நிரலில் தெரியாது. அதற்காகத்தான் பழைய விஎச்எஸ் நாடாக்களையும் சேர்க்கிறேன். யாரோ டைமர் வைத்துப் பதிவு செய்து, ஆட்டம் இழுத்துக்கொண்டு போனதால் கடைசி ஓவர்கள் இல்லாமல் அறுந்து நிற்கும் நாடாக்கள். அச்சில் போட்ட முடிவு நேரம் வெறும் ஆசை என்பதற்கு அவைதான் சாட்சி.

கான்பெராவுக்கு நிரல் போடுவது சுலபம். 1983-இல் பல மொழி நிகழ்ச்சிகளைக் காட்டும் எஸ்பிஎஸ் வந்த பிறகும் ஏபிசி, சிடிசி-7, எஸ்பிஎஸ் என்று மூன்றே சேனல். ஒரே வணிக நிலையமான சிடிசி-7 மூன்று பெரிய நெட்வொர்க்குகளிலிருந்தும் பொறுக்கியெடுத்துக் காட்டும். 1989 மார்ச் 31 அன்று வின், பிரைம் என்ற இரண்டு வணிக சேனல்களும் நுழைகின்றன. அன்று முதல் அட்டவணை அகலமாகிவிடுகிறது. எனக்கு என்னவோ அந்தப் பழைய கலவைதான் பிடித்திருக்கிறது. போட்டி சேனல்களின் நிகழ்ச்சிகள் ஒரே பத்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது கையில் எடுத்திருப்பது 1985 பிப்ரவரி 17 முதல் மார்ச் 10 வரை நடந்த உலக சாம்பியன்ஷிப் கிரிக்கெட். மெல்பர்ன் மைதானத்து விளக்குகளில் நடந்த முதல் கிரிக்கெட் அந்தத் தொடரின் முதல் ஆட்டம்தான். இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் வென்றது. அதில் ஸ்ரீகாந்த் 67, எல். சிவராமகிருஷ்ணனுக்கு மூன்று விக்கெட், இரண்டு பேரும் சென்னைக்காரர்கள். கான்பெரா பக்கங்களை இறக்கி வைத்தாயிற்று. மெல்பர்ன் நிரலுக்கு மாநில நூலகத்துக்குப் போய் மைக்ரோஃபிலிம் சுற்ற வேண்டும். சனிக்கிழமை போனால் இயந்திரம் காலியாகக் கிடைப்பதில்லை, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பார்க்கிறேன்.