கடைசிப் பக்கம் முதலில்

திருப்பூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை. தேதி முத்திரை குத்தும் சீட்டு எந்தப் புத்தகத்தில் சீக்கிரம் நிரம்பும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ரமணிசந்திரன் வகைக் குடும்ப நாவல்கள். அட்டை கிழிந்து, மறுபடி பைண்டிங் போட்டு வைத்தாலும் அலமாரியில் தங்காது.

"எல்லாம் கனவு வியாபாரம்" என்று எங்களில் சிலர் நக்கலடிப்பதுண்டு. புரட்டிப் பார்த்தால் அதில் கனவு எங்கே? முக்கால்வாசிப் பக்கங்கள் சந்தேகம், அவமானம், பிரிவுதான். நல்லது நடப்பது கடைசியில். வாசகிகள் பலர் நின்றபடியே முதலில் பார்ப்பதும் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். ரெண்டு பேரும் சேர்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், நடுவில் எவ்வளவு அழவும் தயார்.

அந்த முடிவில் கல்யாணத்தைவிடப் பெரிது மன்னிப்பு. தப்பாக நினைத்தவன், "உன்னைப் புரிஞ்சுக்காம இருந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வான். பனியன் கம்பெனிக்குப் போகும் ஓர் அக்கா அந்த இடத்தைக் காட்டி, "எங்கூட்டுல ஆருங்க இப்படிச் சொல்றாங்க?" என்றார். பணக்கார மாப்பிள்ளைக்காகப் படிக்கிறார்கள் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். (மாப்பிள்ளை பணக்காரனாக இருந்தால் பிடிக்காது என்றில்லை.)

பிரதிலிபி போன்ற செயலிகள் வந்த பிறகு எங்கள் வாசகிகளில் சிலர் தாங்களே தொடர்கதை எழுதுகிறார்கள். அதில் ஒருவர் செவிலியர். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துத் தூங்கும் சொந்தக்காரர்களைத் துளி பொய்யில்லாமல் எழுதுவார். ஆனால் நோயாளியைச் சாகவிட மாட்டார். கேட்டால், "சாவ டியூட்டியிலயே பாத்துட்டு வர்றனுங்க. கதையிலயாச்சும் ஒரு ஆள் பொழச்சுப் போகட்டுமுங்க" என்பார். டாக்டராக இருந்துகொண்டே குடும்ப நாவல்கள் எழுதி, 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற லக்ஷ்மி எனக்கு அப்போது ஞாபகம் வருவார்.

எனக்கு எரிச்சல் ஒன்றில்தான். அறைந்தவனை ஒரே பக்கத்தில் மன்னித்துவிடும் நாயகிகள். சின்ன வயதுப் பெண்களுக்கும் அப்படித்தான் போல. அந்த இடங்களில் பென்சிலால் "இவனை விட்டுட்டுப் போடி" என்று எழுதிவைக்கிறார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, சரி. செவிலியரின் இப்போதைய தொடரில் நாயகன் மன்னிப்புக் கேட்டுப் பல அத்தியாயம் ஆகிவிட்டது, நாயகி இன்னும் இறங்கிவரவில்லை. சேர்த்து வைக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள் என்று பயந்தாராம். "இன்னும் கொஞ்ச நாள் அலையட்டும்" என்கிறார்களாம் வாசகிகள்.