வார்ப்புரு இணைப்புகள் கெடுத்த கணக்கு

மொரிசியசில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்காக, தொடர்புள்ள தலைப்புகளை அடுத்தடுத்து வைத்து வாசிப்புப் பாடங்களை வரிசைப்படுத்த எண்ணி, தமிழ் விக்கிப்பீடியாவின் இணைப்புகளைக் கொண்டு கருத்துகளின் நெருக்கத்தை அளக்க முற்பட்டேன். கையாண்டது, நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ன், இயன் விட்டன் இருவரும் 2008இல் வெளியிட்ட முறை: இரண்டு கட்டுரைகளுக்கும் பொதுவாக இணைப்புத் தரும் கட்டுரைகள் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு நெருக்கம்.

தரவுக் கோப்புகள் எளிதில் கிடைத்தன. பெரிய கணினி வேண்டும் என்று சிலர் சொன்னதால் போர்ட் லூயியில் ஓர் அலுவலகத்தை நாடினேன். அங்கிருந்த எழுத்தர் முதலில் கடிதம் கேட்டார்; பிறகு அதில் மேலதிகாரியின் கையொப்பம் கேட்டார்; அதையும் வாங்கிச் சென்றபோது, வெளியாருக்குக் கணினி தரும் வழக்கமே இல்லை என்று கைவிரித்தார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். தமிழ்ப் பதிப்பின் அளவுக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்; யாரும் இதற்காக அலைய வேண்டாம்.

உண்மையான இடர் கணக்கு முடிந்த பின்னரே தெரிந்தது. மொரிசியசுக்கு மிக நெருங்கியதாகச் சாட் நாடு வந்தது. இந்தத் தீவின் வரலாற்றையே தீர்மானித்த கரும்பு எங்கோ கீழே கிடந்தது. ஆப்பிரிக்க நாடுகளின் பட்டியல் வார்ப்புரு, அதாவது பல பக்கங்களில் அப்படியே சேர்க்கப்படும் ஆயத்தப் பகுதி, ஒவ்வொரு நாட்டுக் கட்டுரையின் அடியிலும் இருப்பதால், அந்த நாடுகள் அனைத்தும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் இணைப்பு அட்டவணையோ, வார்ப்புரு வழி வந்ததையும் கட்டுரையாளர் தம் கையால் இட்டதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே அந்த அட்டவணையை விட்டுவிட்டு, கட்டுரைகளின் மூல உரையிலிருந்து இரட்டைச் சதுர அடைப்புக்குள் உள்ள இணைப்புகளை மட்டும் எடுத்தேன். 'மொரீஷியஸ்' போன்ற மாற்று எழுத்துக்கூட்டல்களிலிருந்து உரிய கட்டுரைக்குத் திருப்பிவிடும் பக்கங்களான வழிமாற்றுகளை முதன்மைத் தலைப்போடு சேர்க்கவும் மறக்கக் கூடாது. இல்லையேல் ஒரே கட்டுரையின் எண்ணிக்கை சிதறிவிடும்.

அந்த முறையின் சூத்திரத்தை ஓர் எடுத்துக்காட்டால் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மொத்தக் கட்டுரைகள் 1,00,000 எனக் கொள்வோம். ஒரு கட்டுரைக்கு இணைப்புத் தரும் கட்டுரைகள் 1,000, மற்றொன்றுக்கு 100, பொதுவானவை 50 என்றால், 1,000இன் மடக்கையிலிருந்து 50இன் மடக்கையைக் கழித்து, அதை 1,00,000, 100 ஆகியவற்றின் மடக்கை வேறுபாட்டால் வகுக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் தொலைவு ஏறத்தாழ 0.43; அதை ஒன்றிலிருந்து கழித்தால் நெருக்கம் 0.57. பொதுவானவை சுழியமானால் மடக்கை காண முடியாது. அங்கே நெருக்கத்தைச் சுழியம் என நேரடியாகவே இட வேண்டும்.

திருத்திய கணக்கில் சாட் பின்னுக்குப் போய், கரும்பு மேலே ஏறியது. பாட வரிசையை அதைக் கொண்டுதான் இப்போது அமைத்து வருகிறேன்.