ஹெரின் முதல் பென்டன் வரை: கிளானும் சாராயக் கும்பலும் மோதிய சாலைகள்

1920-களில் அமெரிக்காவின் தெற்கு இல்லினாயில் நடந்த மோதலின் தடங்களைத் தேடிப் போகும் பயணம் இது. செயின்ட் லூயிஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 64 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், மவுண்ட் வெர்னனில் 57-ஐப் பிடித்துத் தெற்கே இறங்கினால் முதலில் பென்டன் வரும். அங்கே நிறுத்தாதீர்கள். தூக்குமேடை ஊர் அது, கடைசியில்தான் பார்க்க வேண்டும். நேரே ஹெரின் போங்கள். ரயிலில் வருபவர்கள் கார்பன்டேலில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து கார் இல்லாமல் வேலைக்காகாது.

ஹெரின் நிலக்கரிச் சுரங்க ஊர். வீட்டிலேயே ஒயின் போட்டுக் குடித்த இத்தாலியக் கத்தோலிக்கர்கள் இங்கே அதிகம். அப்போது அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. அதைக் காப்பாற்றுகிறோம் என்று, கத்தோலிக்கரையும் வெறுத்த வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் புறப்பட்டபோது அவர்கள் வீட்டுக் கதவுகளும் உடைபட்டன. மதுவிலக்குத் துறையில் முன்பு இருந்த எஸ். கிளென் யங்கைக் கிளான் கூலிக்கு அமர்த்தியது. 1923 டிசம்பர் 22 இரவு சுமார் 500 பேர் வில்லியம்சன் கவுண்டி முழுக்க ரெய்டு போனார்கள். சட்டத்தின் பேரில் நடந்த அடாவடி என்றுதான் அதைச் சொல்வேன்.

1925 ஜனவரி 24 அன்று ஐரோப்பியன் ஹோட்டலின் சுருட்டுக்கடையில் யங்கும், கிளானுக்கு எதிரான ஷெரிஃபின் உதவியாளர் ஓரா தாமஸும் மோதினார்கள். இருவரோடு மேலும் இருவர் செத்தார்கள். 1926 ஏப்ரல் 13 தேர்தல் நாளில் சாராயக் கும்பல் தலைவர்களான சார்லி பெர்கர், ஷெல்டன் சகோதரர்களின் ஆட்கள் கிளானைச் சுட்டார்கள். இரு பக்கமும் மும்மூன்று பேர் விழ, கிளான் ஓய்ந்தது.

எதிரி போனதும் கூட்டாளிகளான பெர்கரும் ஷெல்டன்களும் முட்டிக்கொண்டார்கள். லாரிக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கிச் சுற்றினார்கள். 1926 நவம்பரில் ஷெல்டன் தரப்பு, பெர்கரின் 'ஷேடி ரெஸ்ட்' விடுதிமேல் விமானத்திலிருந்து டைனமைட் போட்டது. குறி தப்பியது. மேரியனிலிருந்து ஹாரிஸ்பர்க் போகும் ரூட் 13-ஐ ஒட்டி அந்த விடுதி இருந்தது. 1927 ஜனவரியில் எரிந்துவிட்டதால் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள். அந்த நேரத்தை மேரியன் பழைய சிறை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.

திரும்பும் வழியில் பென்டன். வெஸ்ட் சிட்டி மேயர் ஜோ ஆடம்ஸ் கொலைக்காகப் பெர்கரை 1928 ஏப்ரல் 19 அன்று இங்கே தூக்கிலிட்டார்கள். பழைய சிறையில் மாதிரித் தூக்குமேடை வைத்திருக்கிறார்கள். கிளான்காரர்கள் போடுவது வெள்ளை முகமூடி; அவர்கள் மாதிரித் தெரியக் கூடாதென்று தூக்கின்போது வெள்ளையை மறுத்துக் கறுப்பு முகமூடி கேட்டார் என்பது ஊர்ப்பேச்சு. இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் போன் செய்து திறப்பு நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பெர்கரின் கல்லறை செயின்ட் லூயிஸை ஒட்டிய யூனிவர்சிட்டி சிட்டியில் இருக்கிறது. யூத இடுகாடு என்பதால், அவர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை திட்டம் போடாதீர்கள்.