பார்த்த வரைக்கும் காணவில்லை

காலை பத்து மணிக்குள் என் மேஜையில் 12, 15 சளி டப்பாக்கள் சேர்ந்துவிடும். ஈர்க்குச்சியை ஒடித்து, சளியில் கெட்டியாக, மஞ்சளாக இருக்கும் இடமாகப் பார்த்து எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்க்க வேண்டும். காயவிட்டுத் தீயில் நாலு தடவை காட்டி, கார்பால் ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் சூடு காட்ட வேண்டும். அப்புறம் 25 சதவீதக் கந்தக அமிலம். மற்ற எல்லாவற்றின் சிவப்பையும் அமிலம் கழுவிவிடும். காசநோய்க் கிருமிக்கு மெழுகுத் தோல் என்பதால் அது பிடித்த சிவப்பை விடாது. கடைசியில் மெத்திலீன் நீலம். லென்ஸ் வழியாகப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள் கிடக்கும்.

2003-இல் தூத்துக்குடிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இதே வேலைதான். மருந்தைத் தொடுவதே பாவம் என்று நம்பிய வீட்டிலிருந்து வந்தவன் நான். அதனால் இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் வெள்ளை உடைதான். நகை கிடையாது, அம்மா கழுத்தில் தாலிகூடக் கிடையாது. சினிமா கிடையாது, டிவி கிடையாது. காய்ச்சல் வந்தால் மாத்திரையும் கிடையாது. பாஸ்டர் வருவார், நெற்றியில் எண்ணெய் பூசுவார், எல்லாரும் முழங்காலில் நிற்போம். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. வாசல் நிலைக்கு மேலே யாத்திராகம வசனம் தொங்கும்: 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்.' பல காய்ச்சல்கள் தானாகவே இறங்கின. இறங்கியவற்றுக்கு ஸ்தோத்திரம் சொன்னோம்.

அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். உப்பளத்துக்காரர் காலில் வெடிப்பு இல்லாமல் இருக்காது. ஆனால் 1997-இல் வந்த புண் ஆறவே இல்லை. அவர் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல எங்கள் வட்டத்தில் ஆள் இல்லை. புண் கணுக்காலுக்கு மேலே ஏறியபோது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று மாமா கேட்டார். மாமா சபைக்கு வெளியே உள்ளவர். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஆசா ராஜாவைப் பற்றி. ஆசாவுக்கும் கால்களில்தான் வியாதி. 'அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்' என்கிறது இரண்டாம் நாளாகமம். தேடினான், செத்தான். பாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அப்பா அதற்குப் பிறகு மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1998 பங்குனியில் போய்விட்டார். வயது 49.

வாசலில் தொங்கிய வசனத்திலும் ஆசாவின் கதையிலும் இருப்பது ஒரே சொல் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. தமிழ் வேதாகமத்தில் பரிகாரி என்றால் வைத்தியன். கர்த்தர் தன்னை அழைத்துக்கொள்ள அந்தத் தொழிலின் பேரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டியது, பவுலோடு போன லூக்கா 'பிரியமான வைத்தியன்' என்பது, இவையும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. இருபது வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அத்திப்பழத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு மாமாதான் என்னை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டார். சபையில் அதைப் பேசி முடித்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். "இவன் ஊசி போடப் போறதில்ல, மருந்து கொடுக்கப் போறதில்ல. பாத்துச் சொல்றது மட்டும்தானே" என்று ஒரு மூப்பர் வழி கண்டுபிடித்தார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் ஒன்றிரண்டு வருடம் வெள்ளைச் சட்டையோடுதான் போனேன். ஆஸ்பத்திரியில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

பார்த்துச் சொல்வது மட்டும்தான். ஆனால் அதற்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் எழுதிய முதல் பத்து ரிப்போர்ட்டுகளை மேற்பார்வையாளர் திருப்பித் தந்தார். அவர் பைக்கில் மையம் மையமாகச் சுற்றுகிறவர், அதிகம் பேசமாட்டார். "கிருமி இல்லைன்னு எழுதியிருக்கீங்க தம்பி. அதை எப்படிச் சொல்வீங்க? பார்த்த வரைக்கும் காணலைன்னு எழுதுங்க." நூறு புலம் பார்க்க வேண்டும், அதாவது லென்ஸை நூறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். நூறிலும் சேர்த்து ஒன்பது வரை தென்பட்டால் 'மிகச் சொற்பம்' என்று எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். 10 முதல் 99 என்றால் ஒரு பிளஸ். ஒரு புலத்துக்கே பத்துக்கு மேல் கிடந்தால் மூன்று பிளஸ், அதற்கு இருபது புலம் போதும். ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணுக்கே படும். அதற்குக் கீழே இருந்தால் ஆளுக்கு நோய் இருக்கும், என் கண்ணாடியில் இருக்காது. 'காணவில்லை'க்கும் 'இல்லை'க்கும் இவ்வளவு தூரம் இருப்பதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் வளர்ந்த இடத்தில் எல்லாமே உண்டு அல்லது இல்லைதான்.

பார்த்து முடித்த கண்ணாடிகளைத் தூக்கி எறிய முடியாது. பெட்டியில் அடுக்கி வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் அதில் சிலவற்றை எடுத்துப்போவார், என் முடிவு என்ன என்று தெரியாத இன்னொருவர் மறுபடி பார்ப்பார். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள். அவருக்கு அம்பயர் என்றே பேர். முதல் தடவை என் கண்ணாடி ஒன்றில் தப்பு கண்டுபிடித்தபோது காது சூடானது. மேற்பார்வையாளர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சாயத்தை வடிகட்டச் சொன்னார். அவ்வளவுதான் தண்டனை. தப்பு செய்ததற்கு யாரும் என் விசுவாசத்தைச் சந்தேகிக்கவில்லை.

பதிவேட்டின் விஷயமும் இதே மாதிரிதான். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. குணமானவருக்கும் வரி, பாதியில் விட்டவருக்கும் வரி, செத்தவருக்கும் வரி. சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பிழைத்தவர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருநாள், அப்பாவுக்கு இங்கே எந்த வரி என்று தோன்றியது. தோன்றியதும் பயந்துபோய், 'கர்த்தாவே, மன்னியும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பயிற்சி வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள். காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை எல்லாம் வேண்டும், சானடோரியத்தில் படுத்தால்தான் பிழைக்கலாம் என்பதுதான் அதுவரை டாக்டர்களின் நம்பிக்கை. நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை மாத்திரையோடு அவரவர் குடிசைக்கும் அனுப்பினார்கள். வீட்டில் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டு வேலைக்கும் போனவர்கள், படுக்கையில் இருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகக் குணமானார்கள். அது தெரியவந்த பிறகு உலகமே வழியை மாற்றிக்கொண்டது. இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதுசு. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் காலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சபையை விட்டு ஒரே நாளில் வெளியே வந்தேன் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முதலில் நின்றது. அடுத்து, வேலைக்குப் பக்கத்தில் அறை எடுத்ததும் ஞாயிறு மாதத்துக்கு இரண்டானது. ஒரு தீபாவளிக்கு நண்பன் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டேன். இடி விழவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2009 என்று நினைவு, அந்த அக்கா வந்தார். வெள்ளைச் சேலை, மூளிக் காது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாய் தவறி "சிஸ்டர்" என்று கூப்பிட்டேன், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். மூன்று மாத இருமல். கண்ணாடியில் இரண்டு பிளஸ்.

"தம்பி, பாஸ்டருக்குத் தெரிய வேண்டாம். வீட்டுலயும் தெரிய வேண்டாம்" என்றார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர்.

அப்போது நோயாளி பெயர் எழுதிய சிவப்புப் பெட்டி ஒன்றில் மொத்தச் சிகிச்சைக்கான மாத்திரையும் தனியாக இருக்கும். வாரம் மூன்று நாள், ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை, இன்னொருவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கிழமை உபவாசம், வெறும் வயிற்றில் ஏழு மாத்திரை தாங்காது என்பதால் இவருக்குச் செவ்வாய், வியாழன், சனி ஆக்கினோம். மருந்து ஜன்னலில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று என் அறைக்கு வந்துதான் விழுங்குவார். முதல் வாரம் மூத்திரம் சிவப்பாகப் போகிறது என்று நடுங்கிக்கொண்டு வந்தார். ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது. கர்த்தர் காட்டுகிற அடையாளம் என்று நினைத்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் விழுங்குவதற்கு முன்னால் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். மன்னிப்பு கேட்டாரா, ஆசீர்வாதம் கேட்டாரா, தெரியாது. நான் சாயப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் மாதம் முடிவில் கண்ணாடி நெகட்டிவ். முழுச் சிகிச்சையையும் முடித்தார்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே ஆரம்பித்தாள். "எய்யா, கேட்டியா? நம்ம சிஸ்டரு சாட்சி சொன்னா. எலும்பும் தோலுமா இருந்தவ. ஒரு மாத்திரை இல்ல, ஒரு ஊசி இல்ல, தேவன் பூரண சுகம் கொடுத்துட்டாரு. சபையே அழுதுட்டு. நீ எங்கயோ திரியுத." அம்மாவின் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பதிவேட்டின் வரி எண்ணே எனக்கு மனப்பாடம். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையின் விதி. "நல்லதும்மா" என்றேன், தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்தேன். அந்த அக்காவின் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தது. அந்தச் சாட்சியைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தப்போகிற யாரோ ஒருவரை நினைத்த கோபம். பிறகு, அவர் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, சபை பார்த்துக் கொடுத்த தையல் வேலை.

இத்தனையும் சொல்லிவிட்டு என் பக்கத்தை மறைத்தால் அது நியாயமில்லை. வாரம் மூன்று நாள் போதும் என்று நானும் பிரசங்கம் செய்திருக்கிறேன். "தினமும் போட்டா சீக்கிரம் குணமாகும்லா சார்?" என்று கேட்ட கொத்தனார் ஒருவரை அதட்டியிருக்கிறேன். தனியார் டாக்டர்கள் தினமும் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், விவரம் தெரியாதவர்கள் என்று சிரித்திருக்கிறேன். பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-இல் தினசரி மாத்திரை என்று மாறியது. சுற்றறிக்கையைப் படித்தபோது வயிற்றில் என்னமோ செய்தது. அந்த அதட்டலை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும். புத்தகம் மாறியிருந்தது, குரல் அதே குரல். ஒரே வித்தியாசம், இங்கே சுற்றறிக்கை வருகிறது.

சிகிச்சையைப் பாதியில் விட்டவரைத் தேடி எங்கள் ஆள் வீட்டுக்குப் போவார். போக வேண்டும், அது விதி. நான் போகாமல் விட்டபோது சபையிலிருந்தும் மூன்று தடவை பிரதர்கள் வந்தார்கள். நான்காவது தடவை வரவில்லை. பின்வாங்கிப் போனவர்களுக்கான ஜெபக் குறிப்பில் என் பெயரை வாசித்ததாக அம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் அப்பாவின் கடைசி நாற்பது நாளும் இந்தப் பிரதர்கள்தான் முறை வைத்து விசிறினார்கள், அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பாடினார்கள், குழி வெட்டினார்கள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் உலை வைக்க விடவில்லை. என் வார்டில் ஒரு லாரி கிளீனர் செத்தபோது கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இரண்டு நாள் கிடந்தார். எனக்கு உடம்புக்கு வந்தால் யார் விசிறுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நூறு புலத்தில் ஒன்பதைத் தாண்டவில்லை.

பழைய பயம் ஒன்றும் மிச்சமிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் யாரும் இல்லையென்றால், 'வருகை' நடந்துவிட்டது, இயேசு திரும்பி வந்து விசுவாசிகள் எல்லாரையும் பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டார், நான் கைவிடப்பட்டேன் என்று தெருவில் நின்று அழுதிருக்கிறேன். 2020 மார்ச்சில், ஊரடங்கின் முதல் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பஜாரில் ஒரு ஈ காக்கை இல்லை. நாற்பது வயதுக்காரன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். "என்னய்யா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

இப்போது அம்மாவுக்கும் சர்க்கரை. மருந்து வேண்டாம் என்பதில் அசையவில்லை. ஆனால் விரலை நீட்டுகிறாள். "பாத்துச் சொல்றது மட்டும்தான" என்று அந்த மூப்பரின் வழியையே எனக்கும் காட்டினாள். போன சித்திரையில் ஓர் அட்டை மாத்திரையை அவளுடைய வேதாகமப் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன், எதுவும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது அட்டையில் நான்கு குறைந்திருந்தது. அதற்கடுத்து ஒன்பது. விழுங்குகிறாளா, கொல்லையில் எறிகிறாளா என்று நான் கேட்டதில்லை.

நேற்று விரலைக் குத்தினேன்.

"எவ்வளவுய்யா?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"போன தடவை?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"ஸ்தோத்திரம்" என்றாள். நோட்டில் தேதியைப் போட்டு, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்.